சௌந்திரம் எழுதிய கெர்னல்

நாமக்கல்லிலிருந்து பரமத்தி போகும் சாலையில் இருந்த எங்கள் நூல் மில்லில் குளிர்ச்சியான அறை ஒன்றே ஒன்றுதான். அதற்கு ஜன்னல் கிடையாது. பஞ்சு நுழையக் கூடாது என்று இரட்டைக் கதவு போட்டு, இடுக்குகளில் எல்லாம் ரப்பர் ஒட்டியிருந்தார்கள். ஸ்பின்னிங் பிரிவில் நின்றுகொண்டே வேலை செய்யும் பெண்கள் எங்களைப் பார்க்கும்போதெல்லாம், "உங்களுக்கென்ன, ஊட்டியில உக்காந்திருக்கீங்க" என்பார்கள்.

"வாங்க, மாத்திக்கலாம்" என்பார் சௌந்திரம் அக்கா. "ஷிப்டு முடிஞ்சா ஊட்டுக்குப் போற வேலை எனக்குக் குடுங்க."

அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் அவருடைய வீடு மில்லின் பின்கேட்டைத் தாண்டினால் வந்துவிடும், எந்நேரமும் கூப்பிட்டுவிடுவார்கள். அது அவருடைய தாய்மாமன் சின்னுசாமியின் வீடு. மில்லும் சின்னுசாமியுடையதுதான். பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த அப்பா இறந்த பிறகு, மாமாதான் அக்காவைக் கணக்குப் பட்டம் வரை படிக்க வைத்தார். மாமாவின் மகன் சென்னிமலைக்கு அக்கா முறைப்பெண். அந்தப் பேச்சு எப்போது முடிவானது என்று அக்காவுக்கே தெரியாது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான் என்றார்.

1986 தை மாதம் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. யூனிக்ஸ் ஓடுகிற எந்திரம். இரும்பு பீரோவில் பாதி உயரம் இருக்கும். மில் ஆட்கள் அதைப் பொட்டி என்றார்கள். யாரையாவது மெட்ராஸுக்கு அனுப்பினால் இரண்டு மாதம் பயிற்சி தருவதாக விற்ற கம்பெனி சொன்னது. சேலத்தில் படித்த பையன் ஒருவனை மேனேஜர் பரிந்துரைத்தார். சின்னுசாமி ஒப்புக்கொள்ளவில்லை.

"அவன் படிச்சுப்போட்டு அடுத்த மாசமே வேற மில்லுக்குப் போயிருவான். நம்ம புள்ளைன்னா எங்க போகும்?"

இப்படித்தான் அக்காவுக்கு அந்த வேலை கிடைத்தது. உறவினர் வீட்டில் தங்கி, உறவினர் காரில் போய், உறவினர் காரில் வந்து பயிற்சியை முடித்தார். அவர் திரும்பி வந்த பிறகு டேட்டா ஏற்ற ஓர் ஆள் தேவைப்பட்டது. நாமக்கல்லில் என் அப்பாவின் தம்பி, சின்னத்தா அப்துல் சலாமின் கடைக்குச் சின்னுசாமி வாடிக்கை. சேலத்தில் இங்கிலீஷ் பள்ளியில் படித்துவிட்டுச் சும்மா இருந்த என்னை அவர் சொல்லிச் சேர்த்துவிட்டார். அக்கா தமிழில் படித்தவர். கம்பெனி கொடுத்த கையேடுகளை வாசித்து, வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்வதும் என் வேலையாயிற்று. நான் வாசிப்பேன், அவர் யோசிப்பார். பாதி நேரம் நான் சொன்னது எனக்கே புரியாது. அவருக்குப் புரிந்துவிடும்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு மில்லில் எல்லா எந்திரங்களையும் கழற்றித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். ஃபிட்டர் காத்தானுக்கு எங்கள் அறையை மட்டும் விட்டுவிட மனம் வரவில்லை. பொட்டு வைக்காத எந்திரம் ஒன்று மில்லுக்குள் இருப்பது நல்லதல்ல என்று சாவி வாங்கி உள்ளே போனார். பெட்டியைத் திறந்து, ஸ்லாட்டுகளில் செருகியிருந்த போர்டுகளை ஒவ்வொன்றாக உருவினார். காய்ந்த துணியால் பஞ்சுத் தூசியைத் துடைத்தார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் மிளகளவு சந்தனம் வைத்தார். பிறகு ஸ்பேனர்களை அடுக்குவது போலச் சிறியது முதலில், பெரியது கடைசியில் என்று அழகாக அடுக்கிச் செருகிவிட்டார்.

மறுநாள் விஜயதசமி. எந்திரத்தைப் போட்டதும் திரை பாதியில் நின்றது. பிரிண்டர் அசையவில்லை. அதே நேரத்தில் வெளியே லாரி எடைமேடையில் லாரியே இல்லாமல் எண்கள் ஓடத் தொடங்கின. வாட்ச்மேன் கத்திக்கொண்டு ஓடி வந்தார். காத்தான் போய்ப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா ஏறி நின்னிருக்கா. பாரு, கனம் ஏறிக்கிட்டே போகுது!"

எடைமேடையின் நடுவில் தேங்காய் உடைத்துக் கற்பூரம் ஏற்றினார்கள். வெளியே பஞ்சு லாரிகள் வரிசையாக நின்றன.

அக்கா அன்று குமாரபாளையத்தில் இருந்தார். மெட்ராஸிலிருந்து வந்த பிறகு அவருக்குக் கிடைத்த முதல் விடுமுறை அதுதான். கல்லூரித் தோழியின் வீட்டில் ஒரு நாள் இருந்துவிட்டு வர எப்படியோ அனுமதி வாங்கியிருந்தார். இரண்டு பேரும் காவிரிப் படித்துறையில் கால் நனைக்க இறங்கிக்கொண்டிருந்தபோது மில் கார் வந்து நின்றதாம். ஈரக் காலோடு காரில் ஏறினேன் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

எங்கள் அறைக்குள் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தவருக்கு ஒரு நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. போர்டுகளை இடம் மாற்றிச் செருகினார். எடைமேடையில் எண்கள் நின்றன. காத்தான் முகம் தொங்கிப்போய் நின்றிருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, அப்ப ஆத்தா இல்லீங்களா?"

"ஆத்தா இருக்கட்டும். பிரிண்டருக்குப் போக வேண்டியதை எடைமேடைக்குத் தள்ளிட்டிருந்துச்சு, அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு அவரை மில்லைத் தாண்டி எங்கும் விடவில்லை. பூஜைக்கு மட்டுமல்ல, பஞ்சுத் தூசி அடைத்தாலும் போர்டுகளைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. பழுதான போர்டுக்குப் பதில் வேறு வந்தால் அது தடிமனாகப் பக்கத்துப் போர்டில் இடிக்கும், வேறு ஸ்லாட்டில் மாட்ட வேண்டும். அப்போதெல்லாம் அக்கா வர வேண்டும். காய்ச்சலாக இருந்த நாளிலும் போர்வையோடு கூட்டி வந்தார்கள்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். கெர்னல் என்பது எந்திரம் எழுந்ததும் முதலில் நினைவகத்தில் வந்து உட்கார்ந்து மற்ற எல்லாவற்றையும் நடத்துகிற நிரல் என்பது எனக்குத் தெரியும். பிரிண்டருக்கு ஒரு போர்டு, நாங்கள் டேட்டா தட்டும் டெர்மினல்களுக்கு ஒன்று, எடைமேடைக்கு ஒன்று. ஒவ்வொரு போர்டோடும் பேசுவதற்குக் கெர்னலுக்குள் தனித்தனியாக டிரைவர் என்று ஒரு சின்ன நிரல். அதுவரை சரி.

"புதுசா ஒருத்தர் ஊட்டுக்கு வந்தா எங்காளுங்க முதல்ல என்ன கேப்பாங்க, வஹீதா?" என்றார்.

"எந்த ஊருன்னு."

"அப்புறம்?"

"எங்களைக் கேட்க மாட்டாங்க அக்கா. உங்களைன்னா என்ன கூட்டம், எந்தக் குலம்னு கேட்பாங்க."

சிரித்துவிட்டார். "அதேதான். கேட்டுட்டுத்தான் மாமன் முறையா, பங்காளி முறையான்னு முடிவு பண்ணிப் பேச்சு ஆரம்பிப்பாங்க. இந்தக் கெர்னல் யாரையும் கேக்கறதே இல்ல. மூணாவது நாற்காலில உக்காந்திருக்கறவன் மாமன், நாலாவதுல இருக்கறவன் பங்காளி. அப்படி எழுதிக் குடுத்துட்டாங்க. ஆளு மாறி உக்காந்துட்டா சண்டைதான்."

இத்தனைக்கும் ஒவ்வொரு போர்டிலும் அடையாள எண் ஒன்று இருந்தது. ஸ்லாட்டின் முதல் முகவரியில் போய்ப் படித்தால் கிடைக்கும். கம்பெனிக்காரர்கள் பொருத்தும் அவசரத்தில் அதைப் படிக்கிற வேலையைச் செய்யாமல், எந்த ஸ்லாட்டுக்கு எந்த டிரைவர் என்று கெர்னலுக்குள் நிலையாகக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

பழுது பார்க்க வந்த கம்பெனி என்ஜினியர் சண்முகவேலிடம் அக்கா இதைச் சொன்னார். அவர் அக்காவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"பெங்களூர்ல எங்க ஆளுங்க நாலு பேர் இதைப் பத்தித்தான் மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்காங்க. நீங்க அங்க வர்றீங்களா? விளையாட்டுக்குக் கேட்கலை. அடுத்த வருசக் கடைசிக்குள்ள ஒரு இடம் நிரப்பணும்."

அன்று மாலை அக்கா மாமாவிடம் கேட்டார். நான் கணக்குத் தாள்களைக் கொடுக்கப் போய் அங்கே நின்றிருந்தேன். சின்னுசாமி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று பிறகு அக்கா சொன்னார்.

"போ கண்ணு. யாரு வேண்டாம்னா? ஆனா பொட்டி நீ இல்லாம ஓடோணும். காத்தான் கழட்டித் தப்பா மாட்டுனாலும் ஓடோணும். ஓடுச்சுன்னா அடுத்த நாளே நம்ம கார்லயே கொண்டு போய்ப் பெங்களூர்ல உடறேன்."

சென்னிமலை பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் ரிக் வண்டி வைத்து ஆந்திரா பக்கம் ஆழ்துளைக் கிணறு போடப் போகிறவர். வருடத்தில் பாதி ஊரில் இருக்க மாட்டார்.

"டிரைவருதான் பிரச்சினைங்கறே. நம்ம ரிக் டிரைவருங்க ரெண்டு பேரு சும்மாத்தான் படுத்துக் கெடக்கறாங்க. அனுப்பட்டுமா?"

"அவங்களும் கேக்காமயே ஓட்டறவங்கதானே மாமா?" என்றார் அக்கா அவரிடம். சென்னிமலைக்குச் சிரிப்பில் டீ புரை ஏறியது.

அதிலிருந்து ஒரு வருடத்துக்கு மேல் அக்காவுக்கு இதுதான் வேலை. வார விடுமுறை அன்று மட்டும்தான் எந்திரம் எங்கள் கைக்குக் கிடைக்கும். கெர்னல் எழுந்ததும் ஒவ்வொரு ஸ்லாட்டாகப் போய், நீ யார் என்று எண்ணைப் படிக்க வேண்டும். அந்த எண்ணைத் தன்னுடையது என்று சொல்லும் டிரைவரைத் தேடி இரண்டையும் சேர்த்துவைக்க வேண்டும். எழுதுவது கஷ்டமில்லை என்றுதான் முதலில் நினைத்தோம். காலி ஸ்லாட்டில் மாட்டிக்கொண்டோம். போர்டு இல்லாத இடத்தில் போய் எண்ணைக் கேட்டால் பதிலே வராது. சற்று நேரம் காத்திருந்துவிட்டு, ஏதோ பெரிய கேடு நடந்துவிட்டதாக எண்ணி எந்திரமே விழுந்துவிடும். கேட்காமல் இருந்தால் யார் இருக்கிறார் என்று தெரியாது. கேட்டால் விழுகிறது.

எத்தனை விடுமுறைகள் அதிலேயே போயின. கையேட்டில் அதைப் பற்றி அரைப் பக்கம்தான் இருந்தது. அந்த அரைப் பக்கத்தை எத்தனை விதமாகத் தமிழில் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகவும் அக்காவுக்குச் சொன்னேன். வெளியே வெயில் இருக்கிறதா, மழை பெய்கிறதா என்று அந்த அறைக்குள் தெரியாது. இரண்டாவது ஆயுத பூஜையும் வந்து போயிற்று. காத்தான் மறுபடியும் கழற்றினார். அக்கா மறுபடியும் மாற்றி மாட்டினார். சண்முகவேல் போனில் பேசி, அந்த இடத்தை இன்னும் ஒரு வருடம் காலியாக வைக்கச் சொல்லியிருப்பதாகவும் அதற்கு மேல் தன்னால் முடியாது என்றும் சொன்னார்.

1988 ஆடியில் வழி கிடைத்தது. கேட்பதற்கு முன்னால் கெர்னலிடம் சொல்லி வைக்க வேண்டும்: இப்போது ஒரு கேள்வி கேட்கப் போகிறேன், பதில் வராமல் போகலாம், வராவிட்டால் விழாதே, நான் சொல்லும் இந்த இடத்துக்குத் திரும்பி வா. அன்று காலி ஸ்லாட்டைக் கேட்டும் எந்திரம் விழாமல் அடுத்த வரிக்குப் போனது. அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து இரட்டைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

பூஜைக்குச் சில நாட்கள் முன்பு அவருடைய அம்மா ராமாயி பரமத்தி வேலூரிலிருந்து வெற்றிலைக் கட்டோடும் வாழைப்பழத்தோடும் வந்தார். அண்ணன் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு, மகளைப் பார்க்க எங்கள் அறைக்கு வந்தார். குளிர் தாங்காமல் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"பொட்டி தானா ஓடுமாமா கண்ணு? உங்க மாமன் ரொம்பச் சந்தோசமா இருக்காரு."

"ஆமாம்மா. பூசை முடிஞ்சு பாக்கப் போறோம்."

"நல்லதாப் போச்சு சாமி. மில்லுக்கு நீ வேணும்னுதான் ரெண்டு வருசமா அண்ணன் கல்யாணப் பேச்சை எடுக்காம இருந்தாரு. ஊட்டு வேலையும் குழந்தையும்னு ஆயிட்டா பொட்டியை யாரு பாக்கறதுன்னு. இனித் தை மாசத்துலயே வெச்சுக்கலாம்ங்கறாரு."

அக்கா வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். உரித்ததைச் சாப்பிடாமல் அம்மாவின் கையிலேயே கொடுத்தார்.

அம்மா போன பிறகு நான்தான் பேச்சை எடுத்தேன். பழைய கெர்னலும் எந்திரத்தின் டிஸ்க்கில்தான் இருந்தது. எந்திரத்தைப் போடும்போது எதை எழுப்புவது என்று ஒரு பெயரைத் தட்டினால் போதும்.

"அக்கா, பழசையே போட்டுடுங்க. இன்னும் முடியலைன்னு சொல்லிடுங்க. கல்யாணம் தள்ளிப் போகும்ல?"

"தள்ளிப் போகும். அப்புறம்?"

"அப்புறம்…"

"அடுத்த வருசமும் காத்தான் கழட்டுவாரு, நான் மாட்டுவேன். பெங்களூர்ல அந்த இடம் போயிரும். பழசு ஓடுனா நான் இங்கதான், அதுல சந்தேகமே இல்ல. புதுசு ஓடுனா மாமா ஒரு வாக்குக் குடுத்திருக்காரு. காப்பாத்துவாரான்னு எனக்குத் தெரியாது. எல்லாரு முன்னாலயும் கேட்டுப் பாக்கறேன்."

விஜயதசமி அன்று காலை அறை நிறைந்திருந்தது. மாமா, அத்தை, ராமாயி, ரிக்கோடு ஊர் திரும்பியிருந்த சென்னிமலை, மேனேஜர், கதவருகில் ஸ்பின்னிங் பெண்கள். காத்தான் இந்த முறை பெரியதை முதலில் வைத்து, சிறியதைக் கடைசியில் வைத்து, நடுவில் ஒரு ஸ்லாட்டை வேண்டுமென்றே காலியாக விட்டிருந்தார்.

"நல்லா மாத்திப் போட்டிருக்கேனுங்க அம்மிணி. முடிஞ்சாக் கண்டுபுடிக்கட்டும் பாக்கலாம்" என்றார் பெருமையாக.

அக்கா புதிய கெர்னலின் பெயரைத் தட்டினார். ஒவ்வொரு ஸ்லாட்டாக வரி ஓடியது. இந்த ஸ்லாட்டில் எடைமேடை, இதற்கு இந்த டிரைவர். இதில் டெர்மினல். அடுத்தது காலி. ஒரு நொடி நின்றது. அடுத்த வரி வந்தது. கடைசியாகப் பிரிண்டர் ஒரு முறை தலையை இடமும் வலமும் நகர்த்திப் பார்த்துவிட்டு நின்றது. வாட்ச்மேனை எடைமேடைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். எண் பூஜ்யத்தில் நின்றது.

எல்லாரும் கை தட்டினார்கள். சின்னுசாமியின் முகமெல்லாம் சிரிப்பு. "எங்க புள்ளை!" என்று மேனேஜரின் முதுகில் தட்டினார்.

சத்தம் அடங்கும் வரை அக்கா காத்திருந்தார்.

"மாமா, பொட்டி நான் இல்லாம ஓடுதுங்க. நாளைக்குக் காரு எத்தனை மணிக்குங்க?"

அவர் குரல் உயரவில்லை. ஆனால் கதவருகில் நின்ற பெண்கள் வரை கேட்டது. சின்னுசாமி சிரித்துக்கொண்டே இருந்தார். ராமாயி தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன அவசரம் கண்ணு? தையில கல்யாணம் முடியட்டும். அப்புறம் நீயும் இவனும் சேந்து முடிவு பண்ணிக்கங்க. என்னடா சென்னிமலை?"

சென்னிமலை அக்காவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பாவைப் பார்த்தார். "பாத்துக்கலாம்" என்றார்.

பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு ஆட்கள் கலைந்தார்கள்.

விஷயம் தெரிந்து சண்முகவேல் பஸ் பிடித்து வந்துவிட்டார். எந்திரத்தை மூன்று தடவை அணைத்து எழுப்பிப் பார்த்தார். அக்கா தன்னோடு பெங்களூருக்கு வருவார் என்றுதான் அவர் வந்திருந்தார். முதலாளியின் அறையில் அரை மணி நேரம் பேசிவிட்டுத் திரும்பி வந்தபோது அவருடைய நடை மாறியிருந்தது. நிரலின் நகல் ஒன்று வேண்டும், முதலாளி சம்மதித்துவிட்டார் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அக்கா டேப்பைப் போட்டு நகல் எடுத்தார். எழுதியது சரியாக இருக்கிறதா என்று மறுபடியும் படித்துச் சரிபார்த்தார். என்ஜினியர் பஸ்ஸில் போனால் டேப் வெயிலில் கெட்டுவிடும் என்று சின்னுசாமி பெரிய மனது வைத்தார். மறுநாள் காலை மில் கார் சண்முகவேலையும் டேப்பையும் ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போனது. நாங்கள் இருவரும் மில் வாசலில் நின்று பார்த்தோம்.

அதற்கடுத்த நாள் அக்கா வேலைக்கு வந்தபோது, இனி வர வேண்டியதில்லை என்று மேனேஜர் தயங்கித் தயங்கிச் சொன்னார். தையில் கல்யாணம் நடந்தது. நானும் போயிருந்தேன். சென்னிமலை கெட்டவர் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு பதினைந்து நாள் ஊரில் இருந்தார், பிறகு ரிக் போன பக்கம் போய்விட்டார். எங்கள் அறையில் இப்போது நான் மட்டும்தான். போர்டை யார் எப்படிக் கழற்றி மாட்டினாலும் எந்திரம் எழுந்துவிடுகிறது. அக்காவைக் கூப்பிட ஒரு காரணமும் இல்லை.

பங்குனியில் பெங்களூரிலிருந்து மேனேஜர் அறைக்கு டிரங்க் கால் வந்தது. சண்முகவேல்தான். இரைச்சலுக்கு நடுவில் கத்தினார். வேறொரு எந்திரத்தில் போட்டுப் பார்க்கிறார்களாம், காலி ஸ்லாட்டில் சில சமயம் மட்டும் விழுகிறதாம். சௌந்திரத்தைக் கேட்க முடியுமா, அரை மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிடுகிறேன் என்றார்.

பின்கேட் வழியாக ஓடினேன். அக்கா வீட்டுக் கேட்டுக்கு உள்ளே, களத்தில் காயப்போட்ட மிளகாயைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"கேக்கறப்ப நடுவுல வேற போர்டு கூப்பிட்டு இன்ட்ரப்ட் வருது. அதை மூடிட்டுக் கேக்கச் சொல்லு. கேட்டு முடிச்சதும் திறந்துக்கலாம்." மிளகாய்க் கையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே கேட்டுக்கு அருகில் வந்தார். "எந்த எந்திரம் வஹீதா? எத்தனை ஸ்லாட்டு? என்ன போர்டெல்லாம் மாட்டியிருக்காங்களாம்?"

நான் அதைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.

"கேட்டுட்டு வா. நான் இங்கயே நிக்கறேன்."

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "ஆரு கண்ணு அது? மிளகாயைக் காக்காய் எறைக்குது பாரு!"

"இதோ வாரேனுங்க அத்தை" என்றார். நகரவில்லை.

நான் திரும்பி ஓடினேன். சண்முகவேலின் குரல் வந்ததும் பதிலைச் சொன்னேன். அவர் பக்கத்தில் யாருக்கோ அதைத் திருப்பிச் சொல்வது கேட்டது. "ஆமா, அதுதான், அதேதான்" என்று ஒரு சத்தம். நன்றி சொன்னார். எந்த எந்திரம் என்று நான் கேட்பதற்குள் மூன்று நிமிடம் முடிந்து லைன் அறுந்துவிட்டது. எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டேன். லைன் கிடைக்காது என்றார்கள்.

பின்கேட்டுக்கு வந்தேன். அந்தப் பக்கம் வீட்டுக் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டப் போய்ச் சொல்ல மனம் வராமல் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். அவருக்குப் புரிந்திருக்கும். ஆனாலும் உள்ளே போகவில்லை.